கொளத்துமேட்டு ரெக்கார்டு

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூலு வேண்டாங்க, காலு ஆடும். இந்தச் சேருக்கு வாங்க. ரேடியேட்டர் ஹோஸுக்கு உடுமலைக் கடையில சொல்லியாச்சு, பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்து உட்டுருவாங்க. பஸ் வந்தாத்தான் உங்க வண்டிக்கு வேலை. அது வர்ற வரைக்கும் எனக்கும் வேலை இல்ல, உங்களுக்கும் போக்கிடம் இல்ல.

என்னமோ போனுல கார் கேமுப் படம் ஒண்ணு காட்டுனீங்களே, மறுக்காக் காட்டுங்க பாக்கலாம். ஆமாங்க, இதுதான். அந்தக் கெணறு, ரெண்டு பனமரம், மில்லுக்காரரு போட்ட தகரக் கொட்டாய், எல்லாம் அச்சு அசல். கீழ எழுதியிருக்குதே, திருமூர்த்தி, ஒண்ணு பதினாலுன்னு, அது நாந்தானுங்க. ட்ராக்க ஒரு சுத்துச் சுத்த ஒரு நிமிசம் பதினாலு செகண்டு. வெளிய போர்டுல பேரைப் பாத்துட்டுத்தானே கேட்டீங்க? மூஞ்சியப் பாத்து இப்பல்லாம் யாரும் கேக்கறதில்ல.

சலிச்சுப்போச்சுங்க தம்பி. இந்தக் கதைய நான் எத்தனையோ பேருகிட்டச் சொன்னவன். ஒரு காலத்துல வண்டிக்குக் காத்தடிக்க வந்தவங்களையெல்லாம் புடிச்சு உக்கார வெச்சுச் சொல்லுவேன். இப்ப வாயத் தொறக்கவே ஆயாசமா இருக்குது. நீங்க மரியாதையாக் கேட்டீங்க, அதுக்காகச் சொல்றேன். ஆனா முழுசாக் கேக்கோணும். பாதியக் கேட்டுட்டு அந்தக் கேம் ஆடற பசங்க மாதிரி எம்மேல பழியப் போடக்கூடாது.

கொளத்துமேடு இங்கிருந்து தெக்கால. ஒண்ணும் வெளையாத கரடு. அந்தக் காலத்துல மில்லு வெச்சிருந்தவரு ஒருத்தரு, அவரு பசங்களுக்கு ரேஸ் கிறுக்கு. பசங்க கேட்டாங்கன்னு அந்தக் கரட்டச் சுத்தித் தார் ரோடு போட்டுக் குடுத்துப்போட்டாரு. பணம் இருந்துச்சு, போட்டாரு. வருசா வருசம் சித்திரையில கோயில் நோம்பி முடிஞ்சு மறுவாரம் ரேஸு. கோயமுத்தூரு, ஈரோடு, சேலம்னு எங்கெங்கிருந்தோ வருவாங்க. வண்டியெல்லாம் பியட்டுத்தான். கதவத் தவிர எல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஓட்டுவோம்.

அங்க ஒரு எடம் இருக்குது, நீங்க ஆடியிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும். நேர் ரோடு நீளமாப் போயி ஒரு கெணத்துக்கிட்ட வளையும். சுவரில்லாத கெணறுங்க. எட்டிப் பாத்தாத் தல சுத்தும். வேகமா வர்றவன் வளைக்கத் தவறுனா நேராக் கெணத்துக்குள்ளதான். அதுக்காவ அந்த வளைவுக்கு முன்னால ரோட்டுக்குக் குறுக்க, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு சோளத்தட்டு, மாடு திங்கற காஞ்ச சோளத்தண்டுங்க, அதைக் கட்டுக் கட்டா அடுக்கி வெச்சிருப்பாங்க. நெளிஞ்சு நெளிஞ்சுதான் போக முடியும். வேகம் தானாக் கொறஞ்சு போகும். வேற ஊருல டயரு அடுக்குவாங்க. நம்மாளுக்குத் தோட்டத்துல தட்டு கெடந்துச்சு, தட்டப் போட்டாங்க.

அங்க அப்ப ரெக்கார்டு வெச்சிருந்தது சென்னியப்பன். ஒண்ணு இருவது. எங்க மச்சான் முறைங்க, எங்கூட்டுக்காரி அவருக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. அந்தச் சம்பந்தமே அவரு பேசி முடிச்சதுதான். நல்ல ஓட்டுக்காரரு. ஆனா ஒரு வெறி கெடையாதுங்க. ஜெயிச்சாலும் அதே மூஞ்சி, தோத்தாலும் அதே மூஞ்சி. எனக்கு அப்படியில்ல. தோத்தா நாலு நாளைக்குச் சோறு எறங்காது.

கடைசி வருசத்து ரேஸு. மழை பொய்ச்சுப்போன வருசம் அது. ஊருல ஆடுமாடெல்லாம் எலும்பும் தோலுமா நின்னுச்சு. காத்தால ஓட்டத்துல சென்னியப்பன் வண்டி எஞ்சின் சிக்கிக்கிச்சு. ஆளு வெளிய வந்துட்டாரு. எனக்கு டயரு மோசம். அவரு டயரு நாலையும் கழட்டி எனக்கு மாட்டி உட்டுப்போட்டு, சும்மா நிக்கறதுக்குக் கொடியாச்சும் புடிக்கறேன்னு கெணத்து வளைவுக்குப் போயிட்டாரு. மத்தியானச் சோத்துக்குப் பொறகு கடைசி ஓட்டம். அதுல அடிச்சேன் பாருங்க, ஒண்ணு பதினாலு. கடியாரம் புடிச்சவரு ரெண்டு தரம் பாத்தாரு, பக்கத்துல இருந்தவருகிட்டக் காட்டுனாரு, அப்புறந்தான் மைக்குல சொன்னாரு. நான் வண்டிய நிறுத்தி எறங்க முடியாம உக்காந்திருந்தேன். அந்தக் கெணத்தோரமா அந்த வேகத்துல போறதுன்னா என்னங்க, உசுரக் கையில புடிச்சுட்டுத்தான் போனேன். அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது.

அடுத்த வருசம் மில்லு படுத்துக்கிச்சு. ரேஸும் நின்னுபோச்சு. ரோடெல்லாம் வேலி முள்ளு மூடிப்போச்சு, நெலத்த வீட்டு மனையாச் சைட்டு போட்டு வித்துப்போட்டாங்க. அப்ப எம்பட ரெக்கார்டு என்னாச்சு? யாராலும் தொட முடியாமப் போச்சு. ஓட்டறதுக்கு ட்ராக்கே இல்லையே. பேப்பருல போட்டாங்க. மோட்டார் கிளப்புல எம்பேரப் பலகையில எழுதுனாங்க. இந்த ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி வந்ததே அதனாலதான். திருமூர்த்தி தொட்டா எஞ்சின் பேசும்னு சொல்லி வந்தாங்க. நான் பெருமைக்குச் சொல்லல, நடந்ததச் சொல்றேன்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். சென்னியப்பனுக்கு ஒரு பொண்ணு, கௌசிகா. கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. சின்னதுலயிருந்தே நாங்க ரெண்டு பேரும் ரேஸுக்கதை பேசறதக் கேட்டு வளந்தது. அந்தக் கார் ரேஸ் கேம்ல உலகத்துல இருக்கற ட்ராக்கையெல்லாம் அளந்து அப்படியே போட்டு வெச்சிருக்கானுகளாமா. ஆசைப்பட்டா நாமளும் ஒண்ணு செஞ்சு போடலாமாம். ஒரு நா வந்து, மாமா நான் கொளத்துமேட்டச் செய்யப்போறேன்னுச்சு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிப்போச்சுங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு. செய்யி அம்மிணின்னேன்.

ரெண்டு வருசம் அதுவே கதியாக் கெடந்துச்சு. முள்ளுக்குள்ள பூந்து பூந்து, தார் எங்க மிச்சமிருக்குதுன்னு பாத்து அளந்துச்சு. மேல கேமரா பறக்கவிட்டுப் படம் புடிச்சுச்சு. கல்யாண வீடியோ எடுக்கறவரு ஒருத்தரு கடைசி வருசத்துக்கு முந்தின ரேஸையெல்லாம் எடுத்து வெச்சிருந்தாரு, அந்தக் கேசட்டத் தேடிப் புடிச்சு, பனமரம் எத்தனை உசரம், கொட்டாய்க்கு எத்தனை தூண், தட்டுக்கட்டு எங்கெங்க இருந்துச்சுன்னு ஒண்ணு உடாமப் போட்டுச்சு. ரோட்டுல ஒரு குழி இருக்கும், மில்லுக்காரரு சோத்துக்கடை வண்டி தாறுமாறாத் திரும்பி ஒடைச்சது. அந்தக் குழியக்கூட போட்டுப்போட்டா. நான் அந்தப் பொம்மை ஸ்டீரிங்கப் புடிச்சு முதத் தரம் ஓட்டறப்ப, குழி வந்ததும் ஒடம்பு தானாத் தூக்கிப்போட்டுச்சு. அந்த நிமிசம் மட்டும் எனக்கு வயசே இல்லைங்க.

நான் எத்தனையில வந்தேன்னு கேக்காதீங்க. அது பொம்மை ஸ்டீரிங்கு. கையில ஒரு கனமே இல்ல.

கேம்ல போட்டதும் புடிச்சுக்கிச்சு. எங்கெங்கயோ இருக்கற பசங்கெல்லாம் ஓட்டறாங்க. மேல எம்பேரு, ஒண்ணு பதினாலு. அவனவன் ராத்திரி பகலா ஓட்டி ஓட்டிப் பாக்கறான், ஒண்ணு பத்தொம்பதுக்குக் கீழ ஒருத்தனும் வரல. யாருப்பா இந்த மனுசன், தெய்வமான்னு எழுதறானுக. கௌசிகா படிச்சுச் சொல்லுவா, நான் வேணும்னே காது கேக்காத மாதிரி மறுக்காச் சொல்லச் சொல்லுவேன். பெங்களூருலயிருந்து நாலு பசங்க பைக்குல வந்து, இந்தா நீங்க உக்காந்திருக்கற சேருல என்னை உக்கார வெச்சுப் போட்டோ புடிச்சாங்க. ஒரு பையன் கால்ல உழுந்துட்டான். எங்கூட்டுக்காரி உள்ளயிருந்து பாத்துட்டு, ரொம்பத்தான் ஏத்தமாப் போச்சுன்னு நொடிச்சா. அவ கெடக்கறா. எஞ்சின்னு எதுவும் இல்லாத கரண்டு வண்டியெல்லாம் வந்து பொழப்பு படுத்துக்கிச்சு, பையன் வெளியூரு போயித் திரும்பிப் பாக்கறதில்ல, அப்ப ஊரு உலகமே எம்பேரச் சொன்னா ஏத்தம் வரத்தானேங்க செய்யும்?

அந்தச் சீசன் மாதிரி ஒண்ணு எனக்கு வாழ்க்கையில வந்ததில்லைங்க. நல்லாருந்துச்சு. ரொம்ப நல்லாருந்துச்சு.

கேம் செய்யற கம்பெனியே கௌசிகாவுக்கு எழுதுனாங்க. வெளிநாட்டுக் கம்பெனி. உன் ட்ராக்க நாங்களே எடுத்துக்கறோம், கேமோட சேத்துப் போடறோம், நீயும் எங்ககூட வேலைக்கு வந்துருன்னு. அந்தப் புள்ள குதிச்சுட்டு ஓடி வந்து எங்கிட்டச் சொல்லுச்சு. உங்கப்பனுக்குச் சொன்னியாடின்னேன். சொல்லிட்டேன் மாமா, சரி கண்ணுன்னாரு, அவ்வளவுதான்னுச்சு. அவரு அப்படித்தான்.

அங்கதான் வெனை வந்துச்சு. எவனோ ஒருத்தன், கணக்குல புலி போலிருக்குது, ஒக்காந்து கணக்குப் போட்டு எழுதிப்போட்டான். இந்தக் காரு இந்த ட்ராக்குல ஒண்ணு பதினாலுல வரவே வராது, மனுசன் ஓட்டுனாலும் வராது, சாமியே ஓட்டுனாலும் வராது, ஒண்ணு அந்த ஆளு பொய், இல்லாட்டி ட்ராக்கு பொய்னு. அதைப் புடிச்சுட்டு ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சுட்டானுக. நேத்துக் கால்ல உழுந்தவனே இன்னைக்குக் கேலி பண்றான். கம்பெனிக்காரனும் கேட்டான், எங்கயோ அளவு தப்பியிருக்குது, என்னான்னு பாத்துச் சரி பண்ணிக் குடு, அப்புறம் எடுத்துக்கறோம்னு.

புள்ள மூஞ்சி சுருங்கிப்போச்சு. மறுபடி முள்ளுக்குள்ள பூந்து மொதல்லயிருந்து அளந்துச்சு. அளவு தப்பல. அப்புறம் எங்கிட்ட வந்துச்சு. மாமா, நீங்க எப்படி ஓட்டுனீங்கன்னு சொல்லுங்க, எந்த எடத்துல பிரேக்கு, எந்த எடத்துல கியருன்னு. நான் சொன்னேன். கெணத்து வளைவு வரைக்கும் கால எடுக்கவே கூடாது அம்மிணி, மிதிச்ச மேனிக்குப் போகோணும்னேன். அப்படிப் போனாத் தட்டுக்கட்டுல போயி இடிக்குதே மாமான்னுச்சு. இடிக்காத மாதிரி ரோட்ட அகலமாப் போடுன்னேன். பின்ன என்னங்க? ஓட்டுனவன் நான். எனக்குத் தெரியாதா?

அவளும் போட்டா. மறு வாரம், வர்ற வழியில ரோட்டு மேட்டக் கொறைன்னேன். கொறைச்சா. கெணத்த இன்னும் கொஞ்சம் தள்ளி வெய்யின்னேன். அப்ப மட்டும், கெணறு இன்னும் அங்கயே இருக்குதே மாமா, தள்ளுனா எல்லாருக்கும் தெரியுமேன்னுச்சு. சென்னியப்பன் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. நான் கெணத்தத் தள்ளச் சொன்னதும் எழுந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. ஏப்பா, உங்களுக்கு ஞாபகமிருக்குதா, அன்னைக்கு அங்க எப்படி இருந்துச்சுன்னு புள்ள கேட்டுச்சு. எனக்கு ஞாபகமில்ல கண்ணுன்னுட்டுப் போயிட்டாரு. அவருக்கு அப்பவே மறதி ஜாஸ்திங்க.

எத்தனை மாத்துனாலும் ஒண்ணு பதினேழுக்குக் கீழ எறங்கல. ட்ராக்கு அலங்கோலமாப் போனதுதான் மிச்சம். புள்ள எல்லாத்தையும் அழிச்சுட்டு முன்ன இருந்த மாதிரியே வெச்சுப்போட்டா.

அப்புறம் அவளா ஒரு நா கொளத்துமேட்டு ஊருக்குள்ள போயி வெசாரிச்சிருக்கறா. அந்தக் கெணத்துக்குப் பக்கத்து வெள்ளாமைக் காட்டுக்காரி ஒருத்தி, மாராத்தாள்னு பேரு. வாயி ஓயாது அந்தம்மாளுக்கு. கௌசிகா அந்தத் தட்டுக்கட்டப் பத்திக் கேட்டதுதான் தாமசம், அந்தம்மா சிரிச்சுட்டுச் சொல்லியிருக்குது. அதையேன் கண்ணு கேக்கற, அந்தப் பஞ்சத்துல அந்தத் தட்டத் தின்னுதான் எங்க எருமை பொழைச்சுது. காரு ஓட்டறவங்க சோறு திங்கப் போன நேரம் நாங்க ஏழெட்டுப் பொம்பளைங்க வேலியோரம் நின்னோம், கேக்கறதுக்குப் பயம். கொடி புடிச்சுட்டு நின்னவரு எங்களப் பாத்தாரு, மாடுகளப் பாத்தாரு, சீக்கிரம் எடுத்துட்டுப் போங்கன்னாரு. அவரே தூக்கித் தூக்கித் தலையில வெச்சு உட்டாரு. ஒரு கட்டு மிச்சம் வெக்கல. நீ அவரு மவளா, மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே, உக்காரு கண்ணு, மோரு குடின்னு.

கேட்டீங்களா அநியாயத்த? கட்டத் தூக்கிக் குடுத்தது அவரு. அவரு எருமைக்கு எரக்கப்பட்டாரு. கெட்ட பேரு யாருக்கு? எனக்கு.

காத்தால ஓட்டறப்பக் கட்டு இருந்துச்சுங்க. இல்லைன்னு நான் சொல்லல. மத்தியானம் இருந்துச்சா இல்லையான்னு நான் எங்க பாத்தேன்? ஓட்டறவனுக்கு ரோடு தெரியும், முன்னால போற வண்டி தெரியும். கட்ட எண்ணிட்டா இருப்பான்? ரோடு நேராக் கெடந்துச்சு, போனேன். கூட ஓட்டுனவங்களும் போனாங்க. யாராச்சும் வாயத் தொறந்தாங்களா? அவியளுக்குக் கட்டில்லைன்னா எனக்கும் கட்டில்ல. எல்லாரையும் விட நாந்தானே முன்னால வந்தேன்?

அன்னைக்குப் பொழுது சாஞ்சதும் கௌசிகா கூப்பிட்டுச்சு, மாமா வீட்டுக்கு வாங்கன்னு. போனேன். சென்னியப்பன் கயித்துக்கட்டில்ல உக்காந்திருந்தாரு. புள்ள கம்ப்யூட்டருக்கு முன்னால. மாராத்தாள் சொன்னதையெல்லாம் சொல்லுச்சு. கோவமாச் சொல்லல, அதை ஒத்துக்கோணும். பதமாத்தான் சொல்லுச்சு.

"மாமா, நான் ரெண்டு ட்ராக்காப் போட்டுடறேன். கட்டு இருக்கறது ஒண்ணு, கட்டு இல்லாதது ஒண்ணு. கட்டு இல்லாததுல உங்க பேரு இருக்கும். ஒண்ணு பதினாலு அதுல வருது, நானே ஓட்டிப் பாத்தேன். நீங்க பொய் சொல்லலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுரும்."

அப்ப கட்டு இருக்கறதுல யாரு பேருன்னேன். அது அவங்கப்பனப் பாத்துச்சு.

எனக்குப் புரிஞ்சுபோச்சுங்க. ஒண்ணு இருவது. மறுபடி சென்னியப்பன் பேரு. நம்ம பேரு கட்டில்லாத ரோட்டுல ஓட்டுனவன்னு ஒரு ஓரமா. கிளப்புக்காரங்க பாப்பாங்க. பேப்பருல போட்டவங்க பாப்பாங்க. எங்கூட்டுக்காரி பாப்பா. இத்தனை வருசம் நான் என்னத்தச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்? அந்தப் பசங்க வந்து மறுக்காப் போட்டோ புடிப்பாங்களா? எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது.

கத்துனேன். கத்துனது தப்புத்தான்னு வெச்சுக்குங்களேன். ஆனா நான் என்ன கேட்டேன்? அந்தக் கணக்குக்காரன் என்ன எழுதுனான்? ஒண்ணு ஆளு பொய், இல்லாட்டி ட்ராக்கு பொய். சரி, ட்ராக்கு பொய்னு சொல்லிப்போடேன். நீ செஞ்சது ஒரு கேமு அம்மிணி, வெளையாட்டுச் சாமான். அளவுல எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்னு எழுதுனா உனக்கென்ன கொறைஞ்சு போகுது? சின்ன வயசு, நாளைக்கு வேற ஒண்ணு செய்வே. எனக்கு இனி எந்த ரேஸு இருக்குது? இதை எடுத்துப்போட்டா நான் யாரு, சொல்லு பாக்கலாம். சைலன்சருக்கு ஒட்டுப்போடறவன். அவ்வளவுதானே?

அப்படிச் சொல்றப்ப எனக்கே அழுகை வந்துருச்சுங்க. ஆம்பளை, அந்தப் புள்ள முன்னால அழுதுட்டேன்.

சென்னியப்பன்தான் பேசுனாரு. எம்பக்கம் திரும்பவேயில்ல.

"எழுதிப்போடு கண்ணு. அளவெடுத்ததுல உம்மேலதான் தப்புன்னு எழுதிப்போடு."

"அப்பா, அந்தக் கம்பெனி..."

"தெரியும் கண்ணு."

எழுதுனா. அழுவல. அவ பாட்டுக்குத் திரையப் பாத்துட்டு ஒவ்வொரு எழுத்தா அடிச்சா. எழுதுனத எனக்குத் தமிழ்ல படிச்சும் காட்டுனா. கொளத்துமேட்டு ட்ராக்க நான் செஞ்சதுல அளவு தப்பு இருக்கு. கெணத்து வளைவ என்னால சரியாச் செய்ய முடியல. ரெக்கார்டுல ஒண்ணும் தப்பில்ல. மன்னிச்சுக்குங்கன்னு. சரியா மாமான்னா. சரி அம்மிணின்னேன். தலையத் தொட்டு, நல்லா இரு அம்மிணின்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். மனசாரச் சொன்னேங்க.

கம்பெனிக்காரன் வேண்டாம்னுட்டான். அளவு தப்புற புள்ளைய அவனுக்கு எதுக்கு? அந்த ட்ராக்கையும் அவளே எடுத்துப்போட்டா. நீங்க காட்டுனது யாரோ முன்னாலயே எறக்கி வெச்சிருந்தது. இப்ப சென்னையில ஒரு பேங்குக்குக் கம்ப்யூட்டர் வேலை பாக்கறா. நல்ல வேலைதான். பொங்கலுக்கு வந்திருந்தா, ரோட்டுல பாத்து, நல்லா இருக்கீங்களா மாமான்னு கேட்டா. அதுல ஒரு கொறையும் வெக்கல. நின்னு பேசல, அவ்வளவுதான்.

அப்புறம் என்னங்க. கடைசியில எம்பட ரெக்கார்டு நின்னுச்சு. யாரும் பொய்யின்னு சொல்ல முடியல. நியாயமா நான் சந்தோசமா இருக்கோணும். ஆனா பாருங்க, மேக்கொண்டு ஒரு பையன் வரல. ட்ராக்கே தப்புன்னு ஆனதுக்கப்புறம் அதுல எவன் ஓட்டுவான், எவன் எம்பேரப் பாப்பான்? நான் அதை ரோசிக்கல. ராத்திரியில தூக்கம் புடிக்கறதில்லைங்க. கண்ண மூடுனா ரோடு நேராக் கெடக்குது, நான் மிதிச்ச மேனிக்குப் போறேன், கெணத்தோரம் அவரு கொடியோட நிக்கறாரு. அவரு மூஞ்சி அப்ப எப்படி இருந்துச்சுன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், தெரிய மாட்டேங்குது. அந்த வேகத்துல எங்க தெரியும்?

சென்னியப்பன் ஊட்டுக்கு இன்னும் போயிட்டுத்தான் இருக்கறேன். பொழுது சாஞ்சா போகாம இருக்க முடியல, எத்தனை வருசப் பழக்கம். சேரு போடுவாரு. காப்பி வரும். மழையப் பத்திப் பேசுவாரு, தேங்காய் வெலையப் பத்திப் பேசுவாரு. ரேஸப் பத்தி மட்டும் வாயத் தொறக்கறதில்ல. நானா எடுத்தாலும் ம் கொட்டிட்டு விட்டுடுவாரு. எனக்குப் பொறுக்கல. போன வாரம் கேட்டே போட்டேன். ஏன் மச்சா, எம்மேல ஏதாச்சும் வருத்தமா, இருந்தாச் சொல்லிப்போடு, நாலு வார்த்தை திட்டிக்கூடப் போடுன்னேன்.

காப்பி டம்ளரக் கையில வெச்சு உருட்டிட்டே இருந்தாரு. அப்புறம் சொன்னாரு.

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. இனி உனக்குக் குடுக்கறதுக்கு எங்கிட்ட எதுவும் இல்ல. அவ்வளவுதான்."

அதோட எழுந்திரிச்சு உள்ள போயிட்டாரு. அன்னையிலயிருந்து அதையே போட்டு ஒழப்பிட்டு இருக்கறேன், ஒண்ணும் வெளங்கல. எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன், அவ என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிட்டா. நீங்க படிச்சவங்க, வெளி மனுசரு, ஒரு பக்கமும் சாயாமச் சொல்லுவீங்க. முழுசாச் சொல்லிப்போட்டேன், ஒண்ணையும் மறைக்கல. சொல்லுங்க தம்பி. நான் அவருகிட்ட என்னைக்குங்க எதையாச்சும் கேட்டேன்?